ரெட் ஒயின் ஏன் இப்படித் துவர்க்குது? தோல் பதனிட்டவர் மகன் லூயி பாஸ்டரிடம் பதில் இருக்கு!

காரைக்கால் பக்கம் உங்களுக்குச் சொந்தபந்தம் இருந்தால் இந்தக் காட்சி புதுசா இருக்காது. சுரக்குடியில் ஒரு கல்யாணம். பிரான்ஸிலிருந்து வந்து இறங்கிய சித்தப்பா, ராத்திரி மொட்டை மாடியில் பெட்டியைத் திறக்கிறார். சென்ட், சாக்லேட், அதுக்குக் கீழே துணியில் சுத்தி ஒரு ஒயின் பாட்டில். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியாத அளவுக்கு அடர் சிவப்பு. தொட்டுக்கொள்ள, வீட்டில் மிச்சமிருந்த வஞ்சிரம் மீன் குழம்பு.

ஆளுக்கு ஒரு மடக்கு. முதல் மடக்கிலேயே எல்லார் முகமும் கோணுது. நாக்கு வறண்டுபோய், கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்குது. வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி, வெறும் கொட்டைப்பாக்கை மென்ற மாதிரி. சரி, குழம்பை ஒரு வாய் வெச்சுப் பார்க்கலாம் என்றால் இன்னும் மோசம். வாயெல்லாம் கவிச்சி வாடை. இதுக்காகவா இவ்வளவு காசு என்று எல்லாரும் சித்தப்பாவைப் பார்க்க, அவர் பாட்டிலைப் பார்க்கிறார்.

தப்பு அவர் மேல் இல்லை. பாட்டில் மேலும் இல்லை. சேர்த்த ஜோடிதான் தப்பு.

அது ஏன் என்று புரிய ஒரு மனிதரின் வாழ்க்கையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1954 வரை காரைக்காலை ஆண்ட அதே பிரான்ஸில் பிறந்தவர். அவர் பெயர் தினமும் காலையில் உங்கள் வீட்டு வாசலுக்கு வருது. பால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பாஸ்சரைஸ்டு என்று போட்டிருக்கும். ஆமாம், லூயி பாஸ்டர். அவர் அந்த முறையை முதலில் கண்டுபிடித்தது பாலுக்காக இல்லை, ஒயினுக்காக.

ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிவிடலாம். மது உடலுக்குக் கேடு. குடிக்காதவர்கள் குடிக்கத் தொடங்க இந்தக் கட்டுரை காரணமாக இருக்க வேண்டாம். இது நாக்கின் கதை. இதைப் புரிந்துகொள்ள கிளாஸை எடுக்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டுச் சமையலறையே போதும்.

தோல் வாசனையில் வளர்ந்த பையன்

1822 டிசம்பர் 27. கிழக்கு பிரான்ஸில் டோல் என்ற சிறிய ஊரில் லூயி பிறந்தார். அப்பா ழான் ஜோசப், நெப்போலியன் படையில் சிப்பாயாக இருந்தவர். போர் முடிந்து வந்ததும் தோல் பதனிடும் தொழிலில் இறங்கினார். கொஞ்ச வருஷத்தில் குடும்பம் அர்புவா என்ற ஊருக்கு மாறியது. அங்கே சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். பாஸ்டர் வீடு ஆற்றங்கரையில். வீட்டோடு ஒட்டியே தோல் ஊறும் குழிகள்.

அந்தக் குழிகளில் என்ன இருக்கும்? ஓக் மரப்பட்டைத் தூள். பட்டையில் இருக்கும் டானின் என்ற பொருள், தோலில் இருக்கும் புரதத்தைக் கெட்டியாகப் பிடித்து இறுக்கும். அதனால் தோல் அழுகாமல் செருப்பாகவும் பையாகவும் மாறும். டானின் என்ற பேரே தோல் பதனிடும் வேலையிலிருந்து வந்ததுதான். நம் ஊரில் இதே வேலையை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்தன. திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இப்போது கடுக்காயை வாயில் போட்டுப் பாருங்கள். என்ன சுவை? துவர்ப்பு. நம் அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி நாற்காலியே உண்டு. அந்தத் துவர்ப்பு வாயில் என்ன செய்யுது என்றால், தோல் குழியில் நடந்த அதே வேலையைத்தான். உமிழ்நீரில் வழுவழுப்பு தரும் புரதங்களை டானின் பிடித்துக்கொள்ளும். வழுவழுப்பு போனதும் நாக்கு வறண்ட மாதிரி, இழுத்துப் பிடித்த மாதிரி ஆகும். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் வாயை லேசாகப் பதனிடுது!

கறுப்புத் திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் இந்த டானின் நிறைய இருக்கு. ஆக, அர்புவாவில் ஆற்றங்கரையில் அப்பா செய்த தொழிலிலும், மேட்டில் பக்கத்து வீட்டுக்காரர் செய்த தொழிலிலும் இருந்தது ஒரே வகைப் பொருள். நடுவில் ஒரு பையன் வளர்ந்தான்.

பையன் படிப்பில் சூரப்புலி எல்லாம் இல்லை. படம் வரைவதில்தான் ஆர்வம். அம்மாவை அவன் வரைந்த வண்ணச் சுண்ணப் படம் இன்றும் இருக்கு. 15 வயதில் பாரிஸுக்குப் படிக்க அனுப்பினார்கள். ஹாஸ்டல் வாழ்க்கை ஒத்துவரவில்லை, வீட்டு ஏக்கம். நண்பனிடம் அவன் புலம்பியது, அப்பாவின் தோல் பட்டறை வாசனை ஒரு தடவை மூக்கில் பட்டால் போதும், சரியாகிவிடுவேன் என்றுதான். கடைசியில் அப்பாவே போய் வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஹாஸ்டலில் முதல் வாரம் அழுத உங்களுக்கு இது புரியும்.

நம்ம புளியும் ஒயினும் சொந்தக்காரங்க

மறுபடி பாரிஸ் போய்ப் படித்து முடித்தார். 25 வயதில், 1848-ல், அவர் செய்த முதல் பெரிய கண்டுபிடிப்பும் ஒயின் பீப்பாயிலிருந்துதான் வந்தது. பழைய பீப்பாய்களின் உள்சுவரில் கல் மாதிரி ஒரு படிவம் ஒட்டியிருக்கும். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. இந்த அமிலத்தில் இரண்டு வகை. வேதியியல் கணக்கில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்று தன் வழியாகப் போகும் ஒளியைத் திருப்பும், இன்னொன்று திருப்பாது. ஏன் என்று பெரிய விஞ்ஞானிகளுக்கே பிடிபடவில்லை.

பாஸ்டர் படிகங்களை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். ஒளியைத் திருப்பாத வகையில் இரண்டு விதப் படிகங்கள் கலந்து கிடந்தன, இடது கையும் வலது கையும் மாதிரி. சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டாகப் பிரித்தார். ஒரு குவியல் ஒளியை இடப்பக்கம் திருப்பியது, இன்னொன்று வலப்பக்கம். ஒன்றையொன்று ரத்து செய்ததால்தான் கலவை சும்மா இருந்தது. பியோ என்ற மூத்த விஞ்ஞானிக்கு நம்பிக்கை வரவில்லை. தன் கண் முன்னாடியே செய்துகாட்டச் சொன்னார். செய்துகாட்டினார். இன்று மாத்திரை தயாரிக்கிற ஒவ்வொரு கம்பெனியும் இந்த இடது, வலது விஷயத்தைக் கவனிக்காமல் நகர முடியாது.

சமையலறைக்கு வருவோம். புளிக்குப் புளிப்பு தருவது முக்கியமாக எந்த அமிலம் தெரியுமா? அதே டார்டாரிக் அமிலம். சித்தப்பா பாட்டிலும் அம்மாவின் புளிச்சட்டியும் தூரத்துச் சொந்தம்! ஆனால் சொந்தக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்போதும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. சாப்பாடு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். வத்தக்குழம்பு, புளிக்குழம்பு பக்கத்தில் அடர்த்தியான ரெட் ஒயின் தோற்றுப்போவது இதனால்தான்.

புளித்துப்போன தொட்டி

1849-ல் மரி லோரானைக் கல்யாணம் செய்தார். கணவர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்து, ஆய்வு வேலையில் கடைசி வரை கூடவே இருந்தவர் மரி. 1854-ல் பாஸ்டருக்கு வடக்கே லில் நகரத்தில் பேராசிரியர் வேலை. 1856-ல் அங்கே பீட்ரூட்டிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலைக்காரர் ஒருவர் உதவி கேட்டு வந்தார். சில தொட்டிகள் நன்றாக இருக்கு, சில புளித்துக் கெட்டுப்போகுது, காரணம் தெரியவில்லை.

பாஸ்டர் மைக்ராஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். கெட்ட தொட்டியில் குச்சி குச்சியாக வேறு உயிர்கள். நொதித்தல் என்பது வெறும் வேதிவினை என்று நம்பிய காலம் அது. இல்லை, உயிருள்ள நுண்ணுயிர் செய்யும் வேலை என்று அவர் நிரூபிக்கத் தொடங்கினார். 1857-ல் அவர் வெளியிட்ட ஆய்வு, பால் புளிப்பது பற்றியது. உறை ஊற்றிய பால் தயிராவதன் ரகசியம் அதில் இருந்தது.

ஒயினில் ஈஸ்ட், பழச் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். ரெட் ஒயினுக்குச் சாறு மட்டும் போதாது. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளின் சாறு நிறமில்லாதது. தோலோடும் கொட்டையோடும் நாள்கணக்கில் ஊறி நொதிக்கும்போதுதான் நிறமும் துவர்ப்பும் இறங்கும். தடித்த தோல், நல்ல வெயிலில் ஏறிய சர்க்கரை, அதிக நாள் ஊறல் மூன்றும் சேர்ந்தால் அடர்ந்த நிறம், அழுத்தமான துவர்ப்பு, 14 சதவிகிதம் பக்கம் ஆல்கஹால். கேபர்னே சாவிக்னான், ஷிராஸ், மால்பெக், டனா எல்லாம் இந்தக் கூட்டம். முதல் இரண்டும் நம் நாசிக்கிலேயே விளையுது. அர்புவாவின் சொந்த ரெட் ஒயினோ பெரும்பாலும் மெலிதான ரகம். ஆனால் அந்த ஊர்க்காரர் கண்டுபிடித்தது எல்லா ரகத்துக்கும் பொருந்தியது.

அரசர் கேட்ட உதவி, வீட்டில் விழுந்த இடி

1860-ல் பிரான்ஸும் இங்கிலாந்தும் வணிக ஒப்பந்தம் போட்டன. ஒயின் ஏற்றுமதி சூடு பிடித்தது. ஆனால் போகிற வழியில் ஒயின் புளித்தது, கசந்தது, எண்ணெய் மாதிரி கொழகொழத்தது. 1863-ல் மூன்றாம் நெப்போலியன் தரப்பிலிருந்து பாஸ்டருக்கு அழைப்பு வந்தது. காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

அவர் நேரே சொந்த ஊருக்குப் போனார். சரியான லேப் கிடையாது. ஒரு பழைய காபி கடையின் அறை, உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் செய்துகொடுத்த சாமான்கள், கூட சில மாணவர்கள். ஒவ்வொரு கெட்டுப்போன ஒயினிலும் ஒவ்வொரு விதக் கிருமி இருந்தது. அதைக் கொல்ல ஒயினைக் கொதிக்கவிட்டால் ருசி போய்விடும். காற்றுப் படாமல் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கொஞ்ச நேரம் சூடாக்கினால் கிருமியும் சாகும், ஒயினும் பிழைக்கும். 1865 ஏப்ரலில் காப்புரிமை எடுத்தார். அதைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று திறந்தும் விட்டார்.

கடற்படை ஒரு சோதனை வைத்தது. 500 லிட்டர் ஒயின், பாதி சூடாக்கியது, பாதி சூடாக்காதது, ழான் பார் என்ற கப்பலில் ஏறியது. பத்து மாதம் கடலில் சுற்றி வந்தபோது சூடாக்கியது தெளிவாக இருந்தது. மற்றது புளிக்கத் தொடங்கியிருந்தது.

வெற்றிக் கதை மாதிரி கேட்குது இல்லையா? அதே நாட்களில் அவர் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மூத்த மகள் ழான் 1859-லேயே டைபாய்டில் இறந்திருந்தாள். காப்புரிமை எடுத்த இரண்டே மாதத்தில், 1865 ஜூனில் அப்பா போய்விட்டார். அதே செப்டம்பரில் இரண்டு வயதுக் கமில். 1866 மே மாதம் 12 வயது செசில், மறுபடி டைபாய்டு. ஒயின் பற்றிய அவர் புத்தகம் அந்த 1866-ல்தான் அச்சாகி வந்தது. ஒயினைக் கெடுக்கும் கிருமியை அவர் பிடித்துவிட்டார். பிள்ளைகளைக் கொண்டுபோன கிருமியை அப்போது யாரும் பார்த்ததுகூட இல்லை.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு முக்கியமான விஷயம் உண்டு. ஒயினைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்தார். சிலவற்றில் விளிம்பு வரை, சிலவற்றில் காற்றுக்கு இடம் விட்டு. காற்று இருந்த குழாயில் நிறம் மாறி, வண்டல் தங்கி, ஒயின் சீக்கிரம் முதிர்ந்தது. ஒரேயடியாகக் காற்றுப் பட்டால் ஒயின் கெடும், துளித்துளியாகப் பட்டால் கனியும் என்று புரிந்தது. கரகரப்பான ரெட் ஒயின் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் இருப்பதும், பரிமாறுவதற்கு முன்னால் வேறு குடுவையில் ஊற்றி வைப்பதும் இதற்குத்தான்.

சரி, எதோடு எது சேரும்?

இப்போது மாடிக்குத் திரும்புவோம். டீயை நினைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நேரம் கொதித்த கட்டன் சாயா துவர்க்கும். கொஞ்சம் பால் ஊற்றினால்? துவர்ப்பு அடங்கிவிடும். பாலில் இருக்கும் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால் உங்கள் உமிழ்நீர் தப்பிக்குது. அடர்த்தியான ரெட் ஒயினுக்கும் இதே விதிதான். பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுங்கள், அது உங்கள் நாக்கை விட்டுவிடும்.

மட்டன் சுக்கா, நல்லி எலும்பு, கொழுப்போடு வெந்த ஆட்டுக்கறி: முதல் மார்க் இவற்றுக்கே. புரதமும் கொழுப்பும் உப்பும் சேர்ந்து துவர்ப்பை அடக்கும், ஒயின் பதிலுக்கு வாயில் இருக்கும் நெய்ப்பசையைத் துடைத்துவிடும்.

மிளகு: ஷிராஸ் ஒயினில் மிளகு வாசனை வரும் என்பது வெறும் வர்ணனை இல்லை. ரோட்டண்டோன் என்ற ஒரே வாசனைப் பொருள் மிளகிலும் ஷிராஸிலும் இருப்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2008-ல் கண்டுபிடித்தார்கள். நம்ம ஊர் மிளகுக் கறி வறுவலுக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை.

பச்சை மிளகாய், வரமிளகாய்: ஜாக்கிரதை. ஆல்கஹால் காரத்தின் எரிச்சலைக் கூட்டும். காரசாரமான பிரட்டலோடு குடித்தால் ஒயினும் தெரியாது, கறியும் தெரியாது.

சைவம்: சுட்ட கத்திரிக்காய், காளான் மிளகு வறுவல், மொறுமொறு சேனைக்கிழங்கு, கறுப்புக் கொண்டைக்கடலை, நன்றாக முதிர்ந்த சீஸ்.

மீன்: காரைக்கால்காரர்களுக்கு மனசு வலிக்கும், ஆனால் வேண்டாம். ரெட் ஒயினில் இருக்கும் இரும்பும் மீனின் கொழுப்பும் சேர்ந்து கவிச்சியைத் தூக்கிக் காட்டும் என்று ஜப்பான் ஆய்வாளர்கள் 2009-ல் விளக்கினார்கள். அன்று மாடியில் நடந்தது இதுதான். வஞ்சிரத்தைத் தனியாகவே ரசியுங்கள்.

அசோகா, அல்வா: கல்யாணப் பந்தி இனிப்புக்குப் பிறகு குடித்தால் ஒயின் கசக்கும்.

கடைசியாக, சூடு. ரூம் டெம்பரேச்சரில் பரிமாறணும் என்று சொல்வது குளிர் நாட்டு ரூமுக்கு. 16 முதல் 18 டிகிரிதான் கணக்கு. மே மாதச் சுரக்குடி ராத்திரிக்கு அது சரிவராது, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கத்தான் வேண்டும்.

கிருமியின் பின்னாலேயே போனவர்

1868 அக்டோபரில், 45 வயதில், பாஸ்டருக்குப் பக்கவாதம். இடது பக்கம் முழுசாகத் திரும்பவே இல்லை. அப்போது அவர் பட்டுப்புழு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். நிறுத்தவில்லை. ஒயினுக்கு நோய் வந்தால் கிருமி காரணம், புழுவுக்கு வந்தால் கிருமி காரணம், அப்படியென்றால் மனிதர்களுக்கு? மீதி வாழ்க்கை முழுக்க அந்தக் கேள்விதான்.

1874-ல் அர்புவா பக்கத்தில் ரோசியேர் என்ற இடத்தில் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம் வாங்கினார். ரசிக்க மட்டும் இல்லை. 1878-ல் அங்கே சில கொடிகளைச் சுற்றிக் கண்ணாடிக் கூடாரம் போட்டு, வெளியிலிருந்து ஈஸ்ட் வராமல் தடுத்தார். அந்தப் பழச்சாறு தானாக நொதிக்கவில்லை. ஈஸ்ட் வெளியிலிருந்துதான் வருது என்று மறுபடி நிரூபித்தார்.

1831-ல் அர்புவா பக்கம் வெறி பிடித்த ஓநாய் பலரைக் கடித்தது. காயத்தில் கொல்லர் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்ததைச் சிறுவன் லூயி பார்த்திருந்தான். 1885 ஜூலை 6-ல், நாய் கடித்த 9 வயதுப் பையன் ஜோசப் மைஸ்டருக்கு அவருடைய ரேபிஸ் தடுப்பு மருந்து போடப்பட்டது. பையன் பிழைத்தான். 1888-ல் பாரிஸில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் திறந்தது. 1891-ல் சைகோனில் ஒன்று. காரைக்கால் குடும்பங்கள் பல பிழைப்புக்குப் போன அதே சைகோன். 1907-ல் நம் குன்னூரிலும் வந்துவிட்டது. நாய்க்கடி ஊசிக்காகத் தமிழ்நாட்டுக்காரர்கள் அன்று மலையேறிய இடம் அதுதான்.

எல்லாவற்றிலும் அவர் சொன்னது சரி என்று இல்லை. ஒயின் ஆரோக்கியமான பானம் என்று அவர் மனசார நம்பினார். குடிதண்ணீரே டைபாய்டு தந்த காலத்தில் அப்படித் தோன்றியிருக்கலாம். இன்றைய மருத்துவம் அதை ஏற்கவில்லை. இன்னொரு வேடிக்கை, தரமான ரெட் ஒயின்களை இப்போது பெரும்பாலும் சூடாக்குவதே இல்லை. சுத்தமான தொட்டி, வடிகட்டல், துளி கந்தகம் போதும் என்று ஆகிவிட்டது. அவர் பெயர் பாலோடு போய்விட்டது.

1895 செப்டம்பர் 28-ல் பாஸ்டர் இறந்தார். பாரிஸில் தன் இன்ஸ்டிட்யூட்டுக்கு அடியிலேயே அவர் அடக்கமாகியிருக்கிறார். சுற்றிலும் வண்ணக் கற்களால் அவர் வாழ்க்கை பதிக்கப்பட்டிருக்கு. அதில் திராட்சைக் கொடியும் உண்டு.

அடுத்த கல்யாணத்துக்குச் சித்தப்பா வந்தால் நீங்கள் சொல்ல வேண்டியது ரொம்பக் கொஞ்சம். மீன் குழம்பை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். மிளகுக் கறி கேளுங்கள். குடிக்கும் பழக்கம் இல்லையென்றால் கறியை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தத் தோல் பட்டறைப் பையனின் கதையைச் சொல்லுங்கள். விடிந்ததும் வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுக்கும்போது, அவர் பெயரை மாடியில் இருந்த எல்லாரும் ஒரு தடவை வாசிப்பார்கள்.